எங்கள் பள்ளி கேட்ட யானை

போன மாதம், புதிதாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நடந்த கூட்டத்தில் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டில் தினம் ஒரு மெமோ வாங்குகிறவன் கையில் மைக் கிடைத்தால் விடுவேனா? பேசித் தீர்த்தேன். முடிந்ததும் டீ குடிக்கிற இடத்தில் ஒரு தங்கை வந்து கேட்டார். பள்ளிக்கு வருகிற அரசாங்கப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்டால் என்ன என்றார். பக்கத்தில் பிஸ்கட்டோடு நின்ற தம்பி சிரித்துவிட்டு, "அவங்களைக் கேட்டா ஐஸ் வண்டி வேணும்பாங்க மேடம்" என்றார்.

ஐஸ் வண்டி பரவாயில்லை தம்பி. என்னிடம் யானை கேட்டார்கள். ஒரு பிள்ளை இரண்டு பிள்ளை இல்லை, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடமே கேட்டது. அன்று டீ ஆறிக்கொண்டிருந்ததால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எனக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பூகோள ஆசிரியன். எங்கள் தலைமையாசிரியர் கண் ஆபரேஷனுக்காக வேலூருக்குப் போய்ப் படுத்துவிட்டார். அடுத்த சீனியர் தமிழய்யா. அவரோ, "பென்ஷன் பேப்பர் நகர்ற நேரத்துல என்னை எதுலயும் கையெழுத்துப் போட வைக்காதே தம்பி" என்று ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் எல்லாரும் பொறுப்பு ஒப்படைக்கிற அன்று காலை பார்த்து அவசர வேலையாக வகுப்புக்குள் போய்விட்டார்கள். வராந்தாவில் நின்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் நிர்வாக நடவடிக்கை, மேசை மணியை அடித்துப் பார்த்தது. பியூன் வந்தார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் அடித்தேன், வந்தார். நாலாவது தடவை வந்தவர் மணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். தலைமையாசிரியர் திரும்பி வரும்வரை அது அவரிடம்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளி வசதிக்காக ஒரு சிறப்பு மானியம் ஒதுக்கியிருக்கிறார்கள். எதற்குச் செலவிடப் போகிறோம் என்று திட்டம் எழுதி ஆண்டாய்வு அன்று நேரில் கொடுக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் வேலை ஒப்புதல் ஆகாவிட்டால் பணம் சரண்டர், அதாவது வந்த வழியே திரும்பிப் போய்விடும். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது. மாணவர்களின் கருத்தை, எவ்விதத் தூண்டுதலும் இன்றி, பெயர் எழுதாத சீட்டுகளில் வாங்கி இணைக்கவும்.

முதலில் டைப்பிஸ்ட் தப்பாக அடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அதுவரை எங்கள் சர்வீஸில் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எங்களிடம் இருந்தது. பதில் தெரியாமல் கேள்வி கேட்பது எப்படி என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

அந்த வரியைப் போட்டவர் புதிதாக வந்திருந்த மாவட்டக் கல்வி அலுவலர். அம்மா என்றுதான் எல்லாரும் சொல்வோம். குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆனால் தலைமையாசிரியர்கள் நடுங்கியதற்குக் காரணம் வேறு. அவர் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒரு பள்ளியில் திராட்சை ஜூஸ் வைத்தார்களாம், தொடவில்லையாம். அந்தத் தலைமையாசிரியர் அந்த மாதமே மாற்றலில் போனார். அவராகவே மனுக் கொடுத்து வாங்கிய மாற்றல்தான், இருந்தாலும் கதை ஜூஸில்தான் முடியும். எவ்வளவு உபசரிக்கிறோமோ அவ்வளவு ஜாஸ்தி குறை எழுதுவார் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு சித்தாந்தமே உருவாகியிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த எங்கள் தலைமையாசிரியர்கூட ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், காபியை மட்டும் நீட்டிவிடாதே.

சுற்றறிக்கை வந்த மறுநாளே எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வந்தார். நெல் மண்டி வைத்திருந்தவர். நல்ல மனுஷர், ஆனால் எதைக் கொடுத்தாலும் அதில் அவர் அப்பா பெயர் இருக்க வேண்டும். எங்கள் பள்ளிக் கடிகாரத்தில் மணி பார்க்க முடியாது, பெயர்தான் தெரியும்.

"இன்னா வாத்தியாரே யோசனை?" என்றார். "வாசல்ல ஒரு வளைவு கட்டிப்புடலாம். தீபத்துக்கு எவ்வளவு ஜனம் இந்தப் பக்கமா நடக்குது. அத்தனை பேரும் பாப்பாங்க. கவர்மெண்டு துட்டு பாதி, மேல ஆவறது நான் போட்டுடறேன்."

பள்ளிக்கு முன்பக்கம் வேலியே கிடையாது, நடுவில் வளைவு மட்டும் நின்றால் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதானே வருவார்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் அப்பா பெயர் எந்த அளவில் வர வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். மாணவர் கருத்து கேட்க வேண்டுமே என்றேன். கேள், ஆனால் வளைவு என்று சொல்கிற மாதிரி கேள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருவரும் அதே வாரம் வந்தார். பத்தாம் வகுப்பு வசந்தாவின் அப்பா, சாமந்தித் தோட்டம் வைத்திருந்தவர். வசந்தா காலையில் வருவாள், மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போவாள், திரும்ப மாட்டாள். வருகைப் பதிவேட்டில் காலைப் பக்கம் நிறைந்திருக்கும், மாலைப் பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். வகுப்பில் நான் அவளை விடாமல் கிண்டல் செய்வேன். உனக்கு மட்டும் தினமும் மத்தியானம் ராகு காலமா என்பேன். வகுப்பு சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். நகைச்சுவை உணர்வு கம்மி என்று முடிவு கட்டியிருந்தேன். வருகை குறைந்தால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று அப்பாவுக்குக் கடிதம் அனுப்பியிருந்தேன். அதற்காகத்தான் வந்திருந்தார்.

"மத்தியானத்துல ஊட்டுக்கு வந்துருது சார். ஏம்மான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது" என்றார். "பரீட்சை எழுத முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அத்தை பையன் ஒருத்தன் இருக்கான், வைகாசில முடிச்சிடறோம்."

அவர் மிரட்டவில்லை. கோபமும் இல்லை. நெல் அறுப்புக்குத் தேதி கேட்கிற மாதிரி கேட்டார். ஆண்டாய்வு முடியட்டும், சொல்கிறேன் என்று அனுப்பினேன். அதிகாரம் கையில் இருக்கிறவன் எதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்பதை நான் அந்த ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டிருந்தேன்.

இனி யானை.

பழைய விடைத்தாள்களில் எழுதாத பக்கத்தைக் கத்தரித்துச் சீட்டுகள் செய்தோம். வகுப்பு வகுப்பாக நானே போனேன். கரும்பலகையில் எழுதினேன். 'பள்ளிக்கு ......... வேண்டும். காரணம்: .........' இதுதான் படிவம். ஆனால் ஓர் உதாரணம் காட்டாவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டுக்கு மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்றே அரை மணி கேட்பார்கள். நூலகம் என்று உதாரணம் எழுதினால் எல்லாரும் நூலகம் என்பார்கள். வளைவு என்று எழுதினால் தலைவர் மகிழ்வார், ஆனால் அது தூண்டுதல். யாருமே கேட்க முடியாத ஒன்றை எழுதினால்? என் மூளை மின்னியது. முதல் கோட்டில் 'யானை' என்று எழுதினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. காரணத்துக்கும் ஓர் உதாரணம் எழுதியிருப்பேன், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு யானை எதற்கு என்று எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. வெறுமனே விட்டுவிட்டேன். ஐந்து வகுப்பிலும் இதே ஜோக், இதே சிரிப்பு. எந்தத் தூண்டுதலும் இல்லாமல் கருத்து வாங்கிய ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நான்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டேன்.

சீட்டுகளை வகுப்புவாரியாகச் சணலில் கட்டி பீரோவில் வைத்தார் தமிழய்யா. நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் இணைப்பது நேர்மை என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஆண்டாய்வு அன்று காலை எட்டரை மணி. அம்மா பத்தரைக்கு வருவார். ஒரு பார்வை பார்த்து வைப்போம் என்று ஆறாம் வகுப்புக் கட்டைப் பிரித்தேன். பள்ளிக்கு யானை வேண்டும். அடுத்த சீட்டு, பள்ளிக்கு யானை வேண்டும். சரி, சின்னப் பிள்ளைகள். ஏழாம் வகுப்பு, யானை. எட்டு, யானை. ஒன்பதில் ஒருவன் அழகாகப் படம்கூடப் போட்டிருந்தான். பத்தில் 'பெரிய யானை' என்று ஒருவன் திருத்தம் கொடுத்திருந்தான், அது ஒன்றுதான் மாற்றுக் கருத்து.

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் மேசையைத் துடைக்க ஆரம்பிப்பேன். அன்று கையில் கிடைத்தது கரும்பலகை டஸ்டர். துடைக்கத் துடைக்க மேசை வெளுத்தது.

தமிழய்யா வந்து பார்த்தார். சீட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போர்டுல இருக்கறதை அப்படியே எழுதலைன்னா முட்டியில ஸ்கேலால அடிக்கிறது யாரு?"

"நாமதான்யா."

"அப்ப புள்ளைங்க சரியாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடி சீட்டு கொடுத்து எழுதச் சொல்லலாம். பிரேயர் முடிந்து பிள்ளைகளை உட்கார வைப்பதற்குள் ஜீப் வந்துவிடும். சீட்டுகள் தொலைந்துவிட்டன எனலாம், அப்போது திட்டம் செல்லாது, பணம் சரண்டர். யானையைக் கொடுத்தால் அரசு உத்தரவைக் கேலி செய்ததாக மெமோ நிச்சயம். நான் யோசித்த நாலாவது வழி மெடிக்கல் லீவு. ஆனால் நாற்காலியில் இருக்கிறவனே லீவில் போனால் நாற்காலி எங்கே போகும் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் பட்டுச் சட்டையோடு நுழைந்தார். விஷயத்தைக் கேட்டார். நான் நினைத்த மாதிரி அதிர்ச்சி அடையவில்லை.

"இவ்வளவுதானா? இந்தச் சீட்டைத் தூக்கி அடுப்புல போடு. வளைவுன்னு நீயே எழுதிக் கட்டிக் குடு. பேரு எழுதக் கூடாதுன்னு அந்தம்மாவே சொல்லியிருக்கு. புள்ளைங்க எழுதினா இன்னா, நீ எழுதினா இன்னா?"

அது அக்கிரமம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்குமேங்க" என்றேன். மனிதன் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்குகிறான் என்பதற்கு நான் நேர்சாட்சி, ஏனென்றால் இறங்கியவன் நானே. அவர் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார், ஜீப் வந்தால் குரல் கொடுக்க. நான் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் எழுதினால் பிள்ளைகள் எழுத்து மாதிரி வரும் என்று கண்டுபிடித்து, எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கு வளைவு வேண்டும். காரணம்... அழகாக இருக்கும். பள்ளிக்கு வளைவு வேண்டும். காரணம்... மிகவும் அழகாக இருக்கும். ஐந்தாவது சீட்டில் காரணம் தீர்ந்துபோனது. வளைவுக்குக் காரணம் கிடைக்காமல், பிள்ளைகள் காரணத்தில் என்னதான் எழுதுகிறார்கள் என்று காப்பியடிப்பதற்காக அவர்கள் சீட்டை எடுத்தேன். அதுவரை முதல் கோட்டைப் பார்த்தே பயந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வரியைப் படிக்கவே இல்லை.

'பள்ளிக்கு யானை வேண்டும். காரணம்: யானைக்குக் கொட்டகை போடுவார்கள். மழை வந்தால் நாங்களும் அதில் உட்காரலாம். இப்போது புளிய மரத்தடியில் உட்காருகிறோம்.' ஆறாம் வகுப்பு.

'யானைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள். அதில் நாங்களும் குடிப்போம். எதிர்க் கிணற்றுக்காரர் யானையைத் திட்ட மாட்டார்.'

'யானை கிரிவலம் வருகிறவர்களிடம் காசு வாங்கும். அடுத்த வருஷம் அரசாங்கத்திடம் கேட்க வேண்டாம்.' இவன் இப்போது ஏதாவது வங்கியில் பெரிய ஆளாக இருப்பான்.

'கணக்கு சார் யானைக்குப் பயப்படுவார்.' இது உண்மையில்லை, அவர் பயந்தது என் ஜோக்குகளுக்குத்தான்.

'யானை நுழைகிற மாதிரி அப்பா வளைவைப் பெரிதாகக் கட்டுவார்.' தலைவருடைய மகன். வளைவுக்கு விழுந்த ஒரே ஓட்டு.

சிரித்துக்கொண்டே படித்தேன். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கட்டுக்கு வந்தபோது சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெண்பிள்ளைகளின் சீட்டுகளில் ஒரே விஷயம் வேறு வேறு மாதிரி இருந்தது. யானை பெரியது, மறைப்பாக இருக்கும். யானை நிற்கும் பக்கம் பையன்கள் வர மாட்டார்கள். ஒரு சீட்டு மட்டும் நீளமாக இருந்தது.

'யானையைப் பின்பக்கச் சுவர் ஓரமாக நிறுத்தி வைத்தால் அதற்குப் பின்னால் போய்விட்டு வரலாம். மத்தியானம் வீட்டுக்குப் போக வேண்டாம். வீட்டுக்குப் போனால் திரும்ப வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. வெளியே நிற்க வைத்து எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார்கள்.'

பெயர் எழுதக் கூடாது என்பது விதி. எழுதவும் இல்லை. கேலி செய்கிறவர் பெயரையும் எழுதவில்லை, பெருந்தன்மை.

எங்கள் பள்ளியில் பையன்களுக்கு ஒதுங்க ஏரிக்கரைக் கருவேலங்காடு இருந்தது. ஆசிரியர்களுக்கும் அதுவே. பெண்பிள்ளைகளுக்கு என்ன என்று எட்டு ஆண்களும் ஒரு நாள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று ஆசிரியைகள் வந்தார்கள், ஆறே மாதத்தில் டவுனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். பஸ் வசதி கம்மி, அதான் போகிறார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும்.

"வாத்தியாரே, ஜீப்பு" என்று வாசலில் குரல் கேட்டது.

நான் எழுதிய வளைவுச் சீட்டுகளை எங்கே ஒளிப்பது? பீரோ திறந்திருந்தது, அதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். சட்டைப் பை வெள்ளை, மை தெரியும். மனைவி கட்டிக் கொடுத்த டிபன் கேரியரைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் அமுக்கி மூடினேன். யானைக் கட்டுகளை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். கேரியரில் அதற்கு மேல் இடம் இல்லை.

அம்மா வந்து உட்கார்ந்தார். டஸ்டரால் துடைத்த மேசையில் கையை வைத்தார், எடுத்தார், உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைப் பிரித்தார். முதல் சீட்டைப் படித்ததும் கண்ணாடிக்கு மேலே அந்தப் பார்வை. அடுத்தது. அதற்கடுத்தது. கதவோரம் தலைவர் நின்றுகொண்டு எனக்குக் கண்ஜாடை காட்டினார், மாற்றிக் கொடுக்கவில்லையா என்று. நான் கூரையைப் பார்த்தேன்.

"யானை யாரோட யோசனை?"

"என்னோடதுங்கம்மா. உதாரணத்துக்கு... தூண்டுதல் இருக்கக் கூடாதுன்னு..."

"ம்." மறுபடி படித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலை தூக்காமலே, "நீங்க இடது கைப் பழக்கமா?" என்றார்.

என் இடது கை விரல் மூன்றிலும் மை.

"இல்லைங்கம்மா. இன்னைக்குத்தான் ஆரம்பிச்சேன்."

"விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேங்கம்மா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்கு அந்த நிமிஷம் அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார் என்று பட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான் படுகிறது. அவர் சீட்டுகளை வேகமாகப் புரட்டவில்லை, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். யானைப் படத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்த நீளமான சீட்டு வந்தது. படித்தார். இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். தலைவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் காபி குடிக்கறதில்லைன்னு பேசிக்கறாங்களாமே?"

எனக்குக் காது மறுபடி சூடானது. அப்படியெல்லாம் யாரும் பேசுவதில்லை என்றேன்.

"காலையில ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பறேன். ஒரு நாளைக்கு ரெண்டு பள்ளிக்கூடம். திரும்ப வீடு போய்ச் சேர ராத்திரி ஆவுது. குடிச்சிட்டு நான் எங்க போவேன் சார்?"

எங்கள் வட்டாரத்தின் அந்தச் சித்தாந்தம், திராட்சை ஜூஸ், மாற்றல், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஆவியாகிப் போனது. ஒரு ஜோக்கும் வரவில்லை எனக்கு. டஸ்டரைத் தேடினேன், அதையும் காணோம்.

அந்த நீளமான சீட்டு வசந்தாவுடையதாக இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டைத் திறந்து அந்த மாலைப் பக்கத்தைக் காட்டி, இந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு விட வேண்டும் என்று கேட்டேன். வருகைக் குறைவை மன்னிக்க அவரால் பரிந்துரைக்க முடியும், ஆனால் இனிமேலாவது மத்தியானம் இருக்க வேண்டும் என்றார். கட்டடம் எழும்ப மாதக் கணக்காகுமே என்றேன். "கட்டடத்துக்குத்தான் மாசக்கணக்கு ஆவும். மறைப்புக்கு எவ்வளவு நாள் ஆவும்?" என்று கேட்டுவிட்டு, திட்டத்தில் 'மாணவியர் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும்' என்று தன் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டுக் கட்டுகளை அவரே ஃபைலில் வைத்துக்கொண்டார். மெமோ வரவில்லை.

அன்று எலுமிச்சை சாதத்தில் அழகான, மிகவும் அழகான வளைவுகள் கிடந்தன. பசி. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சாமந்தித் தோட்டத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், அங்கே அத்தனையும் மறந்துவிட்டது. தப்பு உங்கள் பெண் மேல் இல்லை, எங்கள் மேல், பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமில்லை என்று மட்டும் சொன்னேன். பூப் பறித்துக்கொண்டிருந்தவர் அந்தச் செடியை முடித்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். "இதைச் சொல்லக் கூடாதா அது?" என்றார் கடைசியில். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் பிரேயர் நேரத்தில் ஒரு மாட்டு வண்டி நிறையத் தென்னங்கீற்றும் மூங்கிலும் வந்து இறங்கியது. மத்தியானத்துக்குள் பின்பக்கம் மறைப்பு நின்றது. வண்டியில் வந்த இரண்டு பேரும் அவரும் சேர்ந்து கட்டினார்கள். நான் கயிறு பிடித்தேன், முடிச்சு போட விடவில்லை.

அன்று சாப்பாட்டு மணிக்கு அப்புறம், ஐந்தாவது பீரியட், பத்தாம் வகுப்புக்குப் பூகோளம். வசந்தா உட்கார்ந்திருந்தாள். ராகு காலம் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. பூமத்திய ரேகையை அன்று நான் ரொம்பப் பொறுப்பாக நடத்தினேன். மார்ச்சில் பரீட்சை எழுதினாள். வைகாசியில் அந்த அத்தை பையனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்ததாகக் கேள்வி.

தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு வந்தார். "வளைவுன்னா பேரு போடலாம். கக்கூஸ்ல எங்கப்பா பேரைப் போட முடியுமா வாத்தியாரே?" என்றார். வேண்டாமே என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "செங்கல் அனுப்பறேன். பேரு கீரு எழுதி வெச்சே, பாரு" என்று எழுந்து போனார். அவர் வாழ்க்கையில் பெயர் போடாமல் கொடுத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தச் செங்கல்லில் எழும்பிய கழிப்பறைச் சுவர்தான் எங்கள் பள்ளியில் இன்றுவரை விரிசல் விடாத சுவர்.

ஆகவே தங்கையே, பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் யானை என்றாலும் ஐஸ் வண்டி என்றாலும் பயந்து மேசையைத் துடைக்காதீர்கள். என்ன வேண்டும் என்ற கோட்டில் நாம் பழக்கிய பதில்தான் வரும். ஏன் வேண்டும் என்ற கோட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டு, அதைக் கடைசிவரை படியுங்கள். நான் படித்ததே காப்பியடிக்கத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் தலைமையாசிரியர் இரண்டு கண்ணோடும் திரும்பி வந்து, ஆண்டாய்வு அன்று பார்த்து விசேஷ லீவு எடுத்துக்கொண்டார். மறுபடி நான். அம்மா வந்தார், பதிவேடுகளைப் பார்த்தார், புளிய மரத்தடியைப் பார்த்துத் தனியாக ஒரு வரி குறித்துக்கொண்டார். அறைக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"ஒரு காபி சொல்லுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவருக்குக் காபி நீட்டக் கூடாது என்று எழுதாத சட்டம் இருந்ததால், பள்ளிக்கூடத்தில் பால் இல்லை, டம்ளர் இல்லை, சர்க்கரை இல்லை. மணியை அடிக்கலாம் என்றால், மறுபடி நான்தான் என்று தெரிந்ததுமே பியூன் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நானே வராந்தாவில் ஓடினேன். தமிழய்யாதான் எதிர்க் கிணற்றுக்காரர் வீட்டில் போய் வாங்கி வந்தார். முதலில் வந்த டம்ளரைக் குடித்துவிட்டு, அம்மா இன்னொன்று கேட்டார். அதையும் நிதானமாகக் குடித்தார். எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வராந்தாவுக்கு வந்தார். அங்கே ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாக்பீஸ் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் குனிந்து கேட்டார்.

"யானையை எங்கம்மா கட்டி வெச்சிருக்கீங்க?"

அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாக்பீஸை மறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துப் பின்பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள்.